இம்ப்ளான்ட் வைக்க ஊருக்குப் போய் இரண்டு முறை நாற்காலியில் உட்கார்ந்த கதை

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். கீழ்த் தாடையில் காலியாக இருந்த கடைவாய்ப் பல்லுக்கு இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள் இறக்கி அதன்மேல் பல் பொருத்தும் டைட்டானியத் திருகு, வைத்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியத் திட்டம். நான் வேலை பார்க்கும் நாட்டில் இதற்கு நேரம் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் முதல் இரண்டு நாளில் தாடையின் சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேன் முடிந்தது, பல்வரிசையையும் கேமராவால் பதிவு செய்துவிட்டார்கள். அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது ஆறாம் நாள் காலையைப் பற்றி.

நாற்காலியில் சாய்ந்தாயிற்று. மரத்துப்போகும் ஊசிக்கு முன்னால் டாக்டரம்மா கைடை வாயில் வைத்துப் பார்த்தார். கைடு என்றால் முப்பரிமாண பிரிண்டரில் ரெசினால் செய்த, பல்வரிசை மேல் தொப்பிபோல் உட்காரும் ஒரு துண்டு. இம்ப்ளான்ட் வர வேண்டிய இடத்தில் அதில் ஓர் உலோக வளையம் இருக்கும், அதை ஸ்லீவ் என்கிறார்கள். ஸ்பூன் மாதிரியான கைப்பிடியின் நுனி அந்த ஸ்லீவுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். நுனியில் உள்ள துளை வழியாகத்தான் முதல் டிரில் இறங்கும், அதற்கடுத்த பெரிய டிரில்களுக்கு வேறு வேறு கைப்பிடிகள். எங்கே, எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் கணினியிலேயே முடிவாகிவிடுவதால், கை அந்தப் பாதையில் போனால் போதும்.

கைடு பல்லில் கச்சிதமாக உட்கார்ந்தது. ரெசினில் விட்டிருக்கும் சின்ன ஜன்னல்கள் வழியாகப் பார்த்தால் பல்லுக்கும் கைடுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. ஆனால் கைப்பிடியை ஸ்லீவுக்குள் வைத்ததும் அது ஆடியது. மிக லேசான ஆட்டம்தான், நானாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன். அவர் கையை எடுத்துவிட்டு, கைடோடு வந்த தாளைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். அப்புறம் என்னிடம், "சார், இன்னைக்கு நான் இதுல டிரில் பண்ண மாட்டேன். இந்த கைடு வேற கம்பெனி கிட்டுக்குச் செஞ்சது" என்றார். கிட் என்றால் டிரில்களும் கைப்பிடிகளும் அடங்கிய பெட்டி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஸ்கேன் எடுப்பது ஓரிடம், கைடை வடிவமைத்து அச்சடிப்பது இன்னோரிடம், எலும்பில் துளையிடுவது மூன்றாவது இடம். நடுவில் ஒரு படிவத்தில் கிட்டின் பெயர் மாறிப் போயிருக்கிறது. எந்த கிட் என்று ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். யாரும் கேட்கவில்லை! நான் இருக்கும் நாட்டிலும் தவறு நடக்கும், ஆனால் இந்த மாதிரிப் படிவத்தை அங்கே இரண்டு பேராவது சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே ஆட்கள் காத்திருந்தும், டாக்டரம்மா ஸ்கேனைத் திரையில் போட்டு விளக்கினார். கீழ்த் தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அது காயப்பட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப் போகும், சிலருக்கு நிரந்தரமாகவே. அதனால் நரம்புக்கு மேலே குறைந்தது 2 மி.மீ. விட்டுத்தான் திட்டமிடுவார்கள். என் கைடில் ஸ்லீவின் மேல்விளிம்பு இம்ப்ளான்டின் தலையிலிருந்து 9 மி.மீ. உயரத்தில் இருந்தது. அவர் எடுத்து வைத்திருந்த டிரில்களோ 10.5 மி.மீ. உயரத்துக்கானவை, அதாவது அந்த வித்தியாசத்துக்கு நீளம் கூடியவை. கைப்பிடி ஆடுவதைப் பொருட்படுத்தாமல் இறக்கியிருந்தால் ஒவ்வொரு டிரிலும் 1.5 மி.மீ. கூடுதல் ஆழம் போயிருக்கும். நரம்புக்கு மேல் மிஞ்சுவது அரை மி.மீ. தான். எல்லாம் சரியாக அமைந்த கைடிலேயே சராசரியாக எலும்புக்குள் நுழையும் இடத்தில் 1.2 மி.மீ., நுனியில் 1.4 மி.மீ., சாய்வில் 3.5 டிகிரி விலகல் வருவதாக 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த விலகலுக்காக ஒதுக்கி வைத்த இடத்தைத்தான் இந்தப் படிவம் தின்றிருக்கும்.

ஆட்டம் மட்டும் என்ன செய்யும் என்று கேட்டேன். 5 மி.மீ. உயர ஸ்லீவில் 0.2 மி.மீ. தளர்ச்சி இருந்தாலே டிரில் 2 டிகிரிக்கு மேல் சாயும், கீழே நுனி அரை மி.மீ.க்கு மேல் விலகும் என்று காகிதத்தில் வரைந்தே காட்டினார். பக்கத்துப் பல் வேரிலிருந்து 1.5 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும் என்பதையும் அதே படத்தில் குறித்தார்.

சின்ன வயதில் எக்ஸ்ரே ஃபிலிமை நம் விரலாலேயே வாய்க்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, நினைவிருக்கிறதா? அந்தக் காலத்து டாக்டர் எதையும் விளக்கியதில்லை. ஆனால் தலையில் கை வைத்து "ஒண்ணும் இல்ல கண்ணா" என்பார், பயம் பாதி போய்விடும். நான் இப்போது இருக்கும் நாட்டில் எட்டுப் பக்கச் சம்மதப் படிவம் தருகிறார்கள், படித்துக்கொள் என்று விட்டுவிடுகிறார்கள். என் வாய்க்குள் நடக்கப் போவதை ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து எனக்குப் புரியவைத்தது இதுதான் முதல் முறை. அதுவும் வேலையை நிறுத்திவிட்டு, அன்றைய வருமானத்தை விட்டுவிட்டு.

புது கைடு வர எட்டு நாள் ஆனது. விடுப்பில் எட்டு நாள்! அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு தினமும் அச்சடிக்கும் இடத்துக்கு நானே ஃபோன் செய்து, தாளில் உள்ள கிட் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். அவர்களுக்கு எரிச்சல்தான், எனக்குக் கவலையில்லை.

இரண்டாம் முறை கைப்பிடி ஸ்லீவுக்குள் அசையாமல் நின்றது. வாயை மிக அகலமாகத் திறக்க வேண்டியிருந்தது. கைடுக்கான டிரில்கள் நீளமானவை, கடைவாய்க்கு அது சிரமம். கைடு மூடிக்கொள்வதால் குளிர்விக்கும் உப்புநீர் உள்ளே சரியாகப் போகாது என்று உதவியாளர் தனி ஊசிக்குழாயிலும் பீய்ச்சிக்கொண்டிருந்தார். 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு கெடும் என்பதால், டாக்டரம்மா டிரிலை ஏற்றி இறக்கியே வேலை பார்த்தார். இம்ப்ளான்ட் இறங்கியதும் எடுத்த எக்ஸ்ரேயில் நரம்புக்கு மேல் இடைவெளி பத்திரமாகத் தெரிந்தது.

எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டிப் பிடிக்கச் சில மாதங்கள் வேண்டும், அதன்மேல் பொருத்தும் பல் அடுத்த பயணத்தில். தவறாக வந்த கைடையும் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்த்தால், எது எதுவென்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.