மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கணித்தல்: அட்டவணையா, சமன்பாடா, ரொசெட்டாவா?

மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கும் என்பதை அழுத்தத் தட்டுக் கருவியில் நேரடியாக அளக்கலாம். ஆனால், வாடல் நிலைக்குரிய (பயிரின் வேர் மேலும் நீரை உறிஞ்ச முடியாத நிலை) 1500 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஒரு களிமண் மாதிரி சமநிலை அடையப் பல நாட்கள், சில வேளைகளில் வாரங்கள்கூட ஆகும். அதனால்தான் மணல், வண்டல், களி ஆகியவற்றின் விகிதம், பரும அடர்த்தி (துளைவெளியையும் சேர்த்த ஓரலகு கன அளவு மண்ணின் உலர் எடை), அங்ககப் பொருள் போன்ற எளிதில் கிடைக்கும் அளவுகளிலிருந்து நீர்ப்பிடிப்பைக் கணிக்கும் வழிகள் பெருகின.

மிக எளிய வழி அட்டவணை. கார்செல், பாரிஷ் இருவரும் 1988இல் வெளியிட்ட அட்டவணை, மண் நய வகை (மணல், வண்டல், களி விகிதத்தால் அமையும் வகை) ஒவ்வொன்றுக்கும், இழுவிசைக்கு ஏற்ப மண்ணில் எவ்வளவு நீர் தங்கும் என்பதைக் காட்டும் வான் கெனுக்டன் வளைவின் சராசரி அளவுருக்களைத் தருகிறது. சாக்ஸ்டன், ரால்ஸ் இருவரின் 2006ஆம் ஆண்டுச் சமன்பாடுகளோ மணல், களி, அங்ககப் பொருள் ஆகியவற்றின் அளவையே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. களி 50, மணல் 20, அங்ககப் பொருள் 1 விழுக்காடு உள்ள மண்ணுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். 33 கிலோபாஸ்கலில், அதாவது வயல் கொள்திறனில் (மிகை நீர் வடிந்தபின் மண்ணில் தங்கும் அளவு), அட்டவணை 35 விழுக்காடு நீர் என்கிறது. சமன்பாடு 42 என்கிறது. வாடல் நிலையில் அவை முறையே 27, 30. இவ்விரு நிலைகளின் வேறுபாடே பயிருக்குக் கிடைக்கும் நீர்; முழு எண்ணாக்காத மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு மீட்டர் ஆழத்துக்கு அட்டவணை சுமார் 76 மில்லிமீட்டரும் சமன்பாடு சுமார் 130 மில்லிமீட்டரும் தருகின்றன. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் எடுக்கும் பயிர், முதல் கணக்கின்படி 15 நாள் தாங்கும். இரண்டாவதன்படி 26 நாள். பாசன இடைவெளியை முடிவு செய்பவருக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. அந்த அட்டவணையின் எண்களும் நேரடி அளவீடுகள் அல்ல, வேறொரு சமன்பாட்டின் வழியாக வந்த கணிப்புகளே என்பதால், கையில் நய விகிதம் இருக்கும்போது அட்டவணையை நாடுவதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை.

ஷாப்பும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ரொசெட்டா என்ற கணினி நிரல், செயற்கை நரம்பு வலையமைப்பைப் பயன்படுத்துகிறது. அதன் உண்மையான சிறப்பு வலையமைப்பில் இல்லை. இருக்கும் தரவுக்கு ஏற்ப ஐந்து படிகளில் இயங்குவதில் இருக்கிறது. நய வகையை மட்டும் கொடுத்தால் சராசரிப் பிழை 0.078 (கன அளவு விகிதத்தில்). மணல், வண்டல், களி விகிதங்களைக் கொடுத்தால் 0.076, பரும அடர்த்தியையும் சேர்த்தால் 0.068. இத்துடன் 33 கிலோபாஸ்கலில் அளந்த ஒரே ஒரு ஈரப்பத மதிப்பைச் சேர்த்ததும் பிழை 0.047க்கு இறங்குகிறது. வாடல் நிலை மதிப்பையும் கொடுத்தால் 0.044தான். ஆகவே, சமன்பாட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட, ஒப்பீட்டளவில் விரைவாக அளந்துவிடக்கூடிய அந்த 33 கிலோபாஸ்கல் மதிப்பை அளந்து உள்ளிடுவதே செலவுக்கு ஏற்ற பலனைத் தரும்.

ஆனால் இவை எல்லாமே பெரும்பாலும் மிதவெப்ப மண்டல மண்களின் தரவிலிருந்து உருவானவை. அமேசான் பகுதியின் கயோலினைட் (அதிகம் உப்பாத களிக் கனிமம்) களிமண்ணை இவற்றில் இட்டால் விடை தடம் மாறும். அங்கே களி மிக அதிகமாக இருந்தாலும் அது நுண்திரள்களாக உறுதியாகக் கட்டுண்டு கிடப்பதால், திரள்களுக்கு இடையிலுள்ள நீர் குறைந்த இழுவிசையிலேயே மணலில்போல வடிந்துவிடுகிறது. திரள்களுக்குள் இருக்கும் நீரோ வாடல் நிலையிலும் பயிருக்கு எட்டாமல் தங்கிவிடுகிறது. சாக்ஸ்டன்–ரால்ஸ் தரவுத் தொகுப்பில் 60 விழுக்காட்டுக்கு மேல் களி உள்ள மாதிரிகளே விலக்கப்பட்டிருந்தன. வெப்பமண்டல மண்களுக்கென்றே ஹாட்நெட், டோமசெல்லா இருவரும் 2002இல் தந்த சமன்பாடுகள், நயத்தோடு அங்ககக் கரிமம், பரும அடர்த்தி, நேரயனிப் பரிமாற்றத் திறன் (நேர்மின் அயனிகளை மண் பிடித்துவைத்துப் பரிமாறும் திறன்), கார அமில நிலை (pH) ஆகியவற்றையும் கேட்கின்றன. இத்தனையையும் அளப்பது சுமைதான். ஆனால் களியின் அளவு சொல்லாத களியின் தன்மையைப் பரிமாற்றத் திறன்தான் ஓரளவு காட்டிக்கொடுக்கிறது.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அதிலுள்ள ஸ்மெக்டைட் என்ற களிக் கனிமம் நீரை ஏற்கும்போது உப்பி, காயும்போது சுருங்குவதால், பரும அடர்த்தி ஒரே எண்ணாக நிற்பதில்லை. காய்ந்த கட்டியின் அடர்த்தியை உள்ளிட்டால் எந்தச் சமன்பாடும் துளைவெளியைக் குறைத்தே காட்டும். கரிசலில் ரொசெட்டாவைப் பயன்படுத்துபவர், 33 கிலோபாஸ்கல் ஈரத்தில் பிசின் பூசிய மண்கட்டி முறையால் அளந்த அடர்த்தியையே கொடுக்க வேண்டும். அதே கட்டியிலிருந்து அந்த ஈரப்பத மதிப்பும் கிடைத்துவிடும்.