பழைய மாருதி 800-க்கு ஹீட்டர் கோர் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

நம் மாவட்டத்தில் பழைய மாருதி 800-ஐ விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வண்டிக்குள் சூடான காற்று தரும் சாமான்தான் ஹீட்டர் கோர். "புது ஹீட்டர் கோர் இருக்கு, பழையதைத் தந்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து பழையதைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். கையிலிருந்து 13,700 ரூபாய் போனது. அதைவிடப் பெரிது, அம்மாவின் இடது கால் வெந்துபோனது.

எங்கள் வண்டி 1994 மாடல், கார்புரேட்டர் எஞ்சின், டி.என். 74 பதிவு. அப்பா வாங்கியது. அவர் போன பிறகும் வாராவாரம் கழுவித் துடைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாகர்கோவிலில் யாருக்கு ஹீட்டர் வேண்டும் என்று கேட்பீர்கள். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. ஏ.சி. இல்லாத வண்டியில் நாலு பேர் ஏறி மழையில் கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் போனால் ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும். அப்போது ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டால்தான் ரோடு தெரியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினில் சுடும் தண்ணீர் இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக அதற்குள் போய்வருகிறது. லீவரைத் தள்ளிச் சூட்டை நிறுத்தி வைத்தாலும் தண்ணீரின் அழுத்தம் அதில் இருந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் அது உடைந்தால் எஞ்சினுக்குத்தான் ஆபத்து.

போன ஜூனில் வண்டிக்குள் ஒரு தித்திப்பு வாசனை வர ஆரம்பித்தது. இடது முன்சீட்டின் கீழே கார்பெட் ஈரம். கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் எண்ணெய் தடவியதுபோலப் படலம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்ட்டின் டப்பாவில் அளவு தினமும் இறங்கியது. மெக்கானிக் அண்ணன் பார்த்த உடனே சொல்லிவிட்டார், கோர் ஓட்டை.

அப்புறம் தேட ஆரம்பித்தேன். இந்தக் கார் உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். கிளட்ச், பிரேக் சாமானெல்லாம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஹீட்டர் என்றால்தான் கை விரிக்கிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று மூன்று ஊரிலும் கடை கடையாக ஏறினேன். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ பழைய சாமானாகப் பார்க்கச் சொன்னார்கள். நாலாம் நாள் ஒருவர் தானாகவே போன் செய்தார். புத்தம்புது பீஸ் பெட்டியோடு இருக்கிறதாம். பழையதைக் கொடுத்தால் 3,800, கொடுக்காவிட்டால் 5,000.

"ஓட்டை விழுந்த சாமான் உங்களுக்கு எதுக்கு அண்ணே, காயலான் கடைக்குத்தானே போகும்?" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. 1,200 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். பில் கேட்டதற்கு, "ஜி.எஸ்.டி. போட்டா கூடும் அண்ணே" என்றார். அதற்கும் தலையாட்டினேன். பாதியைக் கையிலும் பாதியை ஜிபேயிலும் கொடுத்தேன்.

மெக்கானிக் அண்ணன் அதைக் கையில் வாங்கியதும், "வெயிட் கூடுதலா இருக்கே மக்கா, ஒருக்கா ரேடியேட்டர் கடையில காட்டிட்டு மாட்டுவோமா?" என்று கேட்டார். அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கண் காட்டக் கூட்டிப்போக வேண்டிய அவசரம் எனக்கு. நான்தான் மாட்டச் சொன்னேன். டேஷ்போர்டைக் கழற்றி மாட்ட ஒரு முழு நாள். கூலி 2,500.

மாட்டிய பதினோராம் நாள் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாடிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டுக்கு அடியில் புஸ்ஸென்று ஒரு சத்தம். வண்டிக்குள் வெள்ளையாக ஆவி. "மக்களே, காலு பொள்ளுது!" என்று அம்மா அலறிய சத்தம் இன்றும் காதில் கிடக்கிறது. நான் நிறுத்தி, கதவைத் திறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை முழுவதும் அவர் பாதத்தில் ஊற்றினேன். வெப்பமானி முள் சிவப்பைத் தாண்டி நின்றதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். மூன்று வாரம் அம்மாவால் இடது காலில் செருப்புப் போட முடியவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போயிற்று. ஹெட் அலுமினியம் என்பதால் சூட்டில் லேசாக வளைந்தும் விட்டது. லேத்தில் கொடுத்துச் சமப்படுத்திப் பூட்டியதில் 7,400. ஆஸ்பத்திரிச் செலவு தனி.

கழற்றிய கோரை ஒர்க்‌ஷாப் பெஞ்சில் வைத்துப் பார்த்தோம். வெள்ளிப் பெயின்ட் ஓரங்களில் கொப்பளித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் தோலாக உரிந்து, கீழே சாம்பல் நிறத்தில், ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசை வந்தது. அதையும் பெயர்த்தால் பச்சைக் களிம்பு பிடித்த செம்பு. குழாய் வாய்க்குள் விரலை விட்டபோது சுண்ணாம்புபோல வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. எத்தனையோ வருடம் யாரோ கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய கோர் அது. என்னைப்போல ஒருவர் "எக்ஸ்சேஞ்ச்" என்று கொடுத்துவிட்டு வந்த சாமானைத்தான் பெயின்ட் அடித்துப் பெட்டியில் போட்டு எனக்குத் தந்திருக்கிறார்கள். என்னுடையது அடுத்தவருக்குப் போயிருக்கும்.

கடைக்காரரிடம் போனேன். மாட்டியவர் தப்பு என்றார். மாட்டிய சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார். சரி, என் பழைய கோரையாவது கொடுங்கள் என்றேன். "அது அன்னைக்கே போயிட்டே" என்றார். மறுநாளிலிருந்து போனை எடுக்கவில்லை.

அந்தப் பழைய கோர் என் கையில் இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்று பிறகுதான் தெரிந்தது. செம்பு-பித்தளைக் கோரை நல்ல ரேடியேட்டர் கடையில் கொடுத்தால் பிரித்துச் சுத்தம் செய்து, ஓட்டையை ஈயம் வைத்து ஊதித் தருவார்கள். புதிது கிடைக்கும்வரை காத்திருக்கவும் வழி உண்டு. எஞ்சின் பக்கம் வரும் இரண்டு ஹோஸையும் கோரிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று வளைத்து இணைத்துவிட்டால் ஹீட்டர் மட்டும் வேலை செய்யாது, வண்டி ஓடும். மழைக்காலத்தில் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் ரேடியேட்டர் கடைக்கு எடுத்துப் போங்கள். ஒரு குழாயை அடைத்து, இன்னொன்றில் சுமார் ஒரு கிலோ அழுத்தத்தில் காற்று விட்டு, தண்ணீர்த் தொட்டியில் முக்குவார்கள். ஒரு குமிழி வந்தாலும் வேண்டாம். அந்த அழுத்தம் தாங்காத கோர் ஓடும் வண்டியிலும் தாங்காது. "800 ஹீட்டர்" என்று மட்டும் சொல்லியும் வாங்கிவிடாதீர்கள். 1983-ல் வந்த முதல் மாடல் வேறு, 1986-ல் மாறிய மாடல் வேறு. பழையதைப் பக்கத்தில் வைத்துக் குழாயின் வளைவையும் அளவையும் ஒத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் பழையது கையில் இருக்க வேண்டும்.

பில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்திருந்தேன். ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய படம், கழற்றிய கோரின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். நாம் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் பேசிப் பார்க்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வண்டியில் இப்போது ஓடுவது தக்கலைப் பக்கம் உடைக்கப் போட்டிருந்த ஒரு காரிலிருந்து என் கண் முன்னே கழற்றிய கோர். தொட்டியில் முக்கிப் பார்த்துத்தான் மாட்டினோம்.

கடைசியாக ஒன்று. என் பழைய கோரில் அப்பா 2009-ல் ஒரு ஒட்டு வைத்தார். இரண்டு குழாயில் கீழே இருப்பதன் அடியில், அரைவட்டமாக, கட்டைவிரல் நக அளவில் பித்தளைத் தகடு. வெள்ளிப் பெயின்ட் அடித்த "புது" கோர் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.