2000 வாட் என்று சொல்லி 450 வாட் பிளெண்டரைத் தலையில் கட்டினார்கள்: சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

ஆடித் தள்ளுபடி போர்டு தொங்கும் கடைகளில் இப்போது மிக்ஸிக்குப் பக்கத்திலேயே உயரமான ஜாரோடு ஒரு 'ஹை பவர் பிளெண்டர்' நிற்கிறது. "2000 வாட், காப்பர் மோட்டார், 5 வருஷ வாரண்டி" என்று பெட்டியில் கொட்டை எழுத்து. அப்படி ஒன்றுக்கு 6,500 ரூபாய் கொடுத்தேன்.

"இது ஒண்ணு இருந்தா மிக்ஸியே வேண்டாம் மேடம், மஞ்சள் கிழங்கே பொடியாகும்" என்றார் கடைக்காரர். ஆனால் செய்து காட்டியது என்னவோ ஐஸ் கட்டியும் வாழைப்பழமும் பாலும்தான். கரண்ட் பில் எகிறாதா என்று கேட்டதற்கு, "இழுக்கவே இழுக்காது" என்றார். 2000 வாட்டும் வேண்டும், கரண்டும் இழுக்கக் கூடாது என்றால் அது சாமி கொடுத்த மோட்டாராகத்தான் இருக்க வேண்டும்.

தட்டுவடை செட்டுக்குப் பச்சைச் சட்னி அரைத்தபோது குறையே இல்லை. புதினா, கொத்தமல்லி, தாராளமாகத் தண்ணீர், வழுவழுவென்று வந்தது. அடுத்து இட்லிக்குக் கெட்டியாகத் தேங்காய்ச் சட்னி. சுவிட்சைத் திருப்பியதும் பிளேடைச் சுற்றியிருந்ததெல்லாம் சுவரில் அப்பிக்கொண்டது, நடுவில் பெரிய குழி. மோட்டார் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, தேங்காய் அசையவில்லை. நல்ல கம்பெனி பிளெண்டரிலும் இது நடக்கும். தண்ணீர் சுழன்று பொருளைக் கீழே இழுத்தால்தான் அது அரைக்கும். அதனால்தான் அவற்றோடு மேலிருந்து அமுக்க ஒரு கோல் தருகிறார்கள். எனக்குக் கோலும் வரவில்லை, அப்படி ஒன்று வேண்டும் என்ற பேச்சும் வரவில்லை.

அப்புறம் ஏற்காட்டிலிருந்து வந்த மிளகைப் பொடிக்கப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஓடியிருக்காது, கருகல் வாடை அடித்து நின்றுவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "மிளகெல்லாம் போட்டா வாரண்டி கிடையாதுங்க." மஞ்சள் கிழங்கு என்ன ஆயிற்று என்று கேட்டதும் வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் தம்பியிடம் கொடுத்தேன். கவிழ்த்தவுடன் அவர் தேடியது சிவப்பு பட்டன். லோடு தாங்காவிட்டால் தானாக ஆஃப் ஆகி மோட்டாரைக் காப்பாற்றும் பட்டன் அது; இதில் இல்லவே இல்லை. வாட் எழுதியிருந்த ஸ்டிக்கர் சூட்டில் ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தார். அடியில் பழைய லேபிள்: 450 வாட். மோட்டாரைக் கழற்றி, கம்பியைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். செம்பு நிறப் பூச்சுக்குள் வெள்ளையாக அலுமினியம்.

"அக்கா, லேபிளைக்கூடப் பார்க்க வேண்டாம். இந்தப் பின்னைப் பாருங்க" என்றார். வீட்டில் சாதாரண சுவிட்சில் சொருகும் சின்ன மூணு பின் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1380 வாட்தான் வரும். நிஜமாகவே 2000 வாட் இழுக்கும் சாமான் என்றால் கீசருக்குப் போடுகிற பெரிய 16 ஆம்பியர் பின் வேண்டும். 'பீக்' வாட், 'பீக்' எச்பி என்று போட்டிருந்தாலும் ஏமாற வேண்டாம். கண நேரம் எட்டும் உச்சம் அது, ஓடும்போது கிடைப்பதல்ல. 1 எச்பி என்பதே 746 வாட்.

அதனால் கடையிலேயே மெஷினைக் கவிழ்த்துப் பாருங்கள். பெட்டியில் உள்ள வாட்டும் அடியில் உள்ள வாட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். லேபிள் மேல் லேபிள் ஒட்டியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். மிக்ஸி என்றால் ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேல் ஐஎஸ் 4250 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனியுடையது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தினமும் சட்னி, பொடி, மசாலா அரைக்கிற வீட்டுக்கு ஸ்டீல் ஜார் வைத்த 750 வாட் மிக்ஸி தாராளம் என்பது என் கருத்து. ஜூஸ், மில்க் ஷேக் நிறையப் போடுகிறவர்கள் மட்டும் பிளெண்டரை யோசிக்கலாம்.

பில் விஷயம் தனிக் கூத்து. கையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு, வாரண்டி கார்டில் சீல் இல்லை. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு விலை கூடும் என்றார்கள். நல்லவேளை, பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தேன். அந்த ரசீது, உரித்த ஸ்டிக்கரின் போட்டோ, பெட்டியின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இப்போது அவர்களாகவே கூப்பிட்டு, வேறு மாடல் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார்கள். எனக்குப் பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதே மாதிரி மாட்டியவர்கள் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், 2000 வாட் என்று சொன்னதற்கு அதுதான் சாட்சி.