எனிக்மா2 பெட்டி ஆன் ஆகத் தாமதமானால்: வூ பிளஸ் சோலோ2, நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

வூ பிளஸ் சோலோ2 லினக்ஸில் ஓடும் ஒரு சாட்டிலைட் டிவி ரிசீவர்; அதன் மெனுவையும் சேனல்களையும் நடத்தும் மென்பொருள்தான் எனிக்மா2. சோலோ2-வில் இருப்பது 1.3 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர் செயலி, 1 ஜிபி ராம், 256 எம்பி ஃபிளாஷ். அஸ்ட்ரா 19.2 கிழக்கையும் ஹாட்பேர்ட் 13 கிழக்கையும் பிடித்து ஹெச்டி சேனல் பார்க்கவும் பதிவு செய்யவும் இது இன்றும் தாராளம். ஆனாலும் சில வருடம் ஓடிய பெட்டிகளில் "முன்னெல்லாம் சட்டென்று வரும், இப்போது லோகோவிலேயே நிற்கிறது" என்ற குறை வந்துவிடுகிறது. செயலி தேய்ந்துபோகும் பொருள் அல்ல. பெரும்பாலும் பெட்டி ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அது எது என்று பிடிக்காமல் இமேஜை (பெட்டியின் மென்பொருள் தொகுப்பை) மாற்றி மாற்றி ஃபிளாஷ் செய்வது வீண் வேலை.

டீப் ஸ்டாண்ட்பையில் லினக்ஸ் முழுவதுமாக அணைந்துவிடும். ரிமோட்டையும் டைமரையும் கவனிக்கும் சின்ன முன்பக்கச் செயலி மட்டும் விழித்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1275/2008 விதிப்படி, 2013 முதல் (2025-ல் வேறு விதி வரும் வரை) இந்த நிலையில் 0.5 வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்றிருந்தது. நேரம் காட்டும் திரை இருந்தால் 1 வாட். அதனால் ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து பூட் ஆவது இயல்பு, ஒரு நிமிடத்தை ஒட்டி ஆனால் கவலை வேண்டாம். இரண்டு, மூன்று நிமிடம் என்றால் தேடத்தான் வேண்டும். எனிக்மா2-வின் பழைய மூலநிரல், டைமர் பதிவுக்கு 4 நிமிடம் முன்னதாகத்தான் பெட்டியை எழுப்பச் சொல்லும். பூட் அதைத் தாண்டினால் பதிவின் தொடக்கம் போய்விடும்.

முதல் சோதனைக்கு ஒரு கடிகாரம் போதும். மெனுவிலிருந்து ஜியுஐ (எனிக்மா2 திரை இடைமுகம்) ரீஸ்டார்ட் கொடுத்து, படம் வரும் வரை எண்ணுங்கள். அடுத்து முழு ரீபூட் கொடுத்து எண்ணுங்கள். ஜியுஐ ரீஸ்டார்ட்டே இழுத்தால் கோளாறு எனிக்மா2-வுக்குள்: ப்ளக்இன், இபிஜி (நிகழ்ச்சி அட்டவணை), பூக்கே (சேனல் தொகுப்பு), ஸ்கின் (திரைத் தோற்றம்). ஜியுஐ சட்டென்று வந்து முழு பூட் மட்டும் இழுத்தால் வட்டு (ஹார்ட் டிஸ்க்), நெட்வொர்க், யுஎஸ்பி, பவர் சப்ளை. இந்த ஒரு ஒப்பீடு பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாவது வகை என்றால் டெல்நெட்டில் (கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே கட்டளை கொடுக்கும் வழி) ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, நுழைந்து டி-மெசேஜ் (dmesg) கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு வரியின் முன்னாலும் கர்னல் எழுந்ததிலிருந்து ஆன நொடி இருக்கும். வரிகளைப் படிக்க வேண்டாம், எண்கள் எங்கே தாவுகின்றன என்று மட்டும் பாருங்கள். 8-லிருந்து 38-க்குத் தாவினால், தாவலுக்கு அடுத்த வரி பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். "லிங்க் இஸ் ஸ்லோ டு ரெஸ்பாண்ட்" என்று சாட்டா (வட்டு இணைப்பு) வரி வந்தால் வட்டு பதில் தராமல் கிடக்கிறது. வட்டைக் கழற்றிவிட்டு ஒரு முறை பூட் செய்து பாருங்கள். நேரம் இறங்கினால் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: வட்டு, கேபிள், பவர் சப்ளை.

பவர் சப்ளையைக் கடைசியில் சொன்னாலும், வயதான பெட்டிகளில் அதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வட்டு சுழலத் தொடங்கும் நொடியில்தான் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகும், 3.5 அங்குல வட்டு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை கேட்கும். கெபாசிட்டர் உலர்ந்திருந்தால் மின்னழுத்தம் சரிந்து வட்டு மறுபடி மறுபடி முயலும், சில சமயம் பெட்டியே ரீசெட் ஆகி முதலிலிருந்து தொடங்கும். குளிர்ந்த பெட்டி தடுமாறி, சூடானதும் ஒழுங்காக எழுந்தால் ஏறக்குறைய இதுதான். அடாப்டர் வெளியே இருக்கும் பெட்டி என்றால் அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள அடாப்டரை மாட்டிப் பாருங்கள். சப்ளை உள்ளேயே இருந்தால் தலை உப்பிய கெபாசிட்டரை மாற்ற வேண்டும்: அதே மைக்ரோஃபாரட், வோல்ட் குறையாமல், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் ரகம். 230 வோல்ட் மெயின்ஸில் முதன்மைப் பக்கப் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

வட்டு நன்றாக இருந்தும் எப்போதாவது ஒரு பூட் மட்டும் பல நிமிடம் இழுத்தால், அது கோப்பு முறைமைச் சோதனை. பழைய கருவியில் ஃபார்மேட் செய்த இஎக்ஸ்டி வட்டுகளில், இத்தனை மவுன்ட்டுக்கு (வட்டைக் கணினி இணைத்துக்கொள்வதற்கு) ஒரு முறை சோதிக்கச் சொல்லும் எண் எழுதப்பட்டிருக்கும். டியூன்2எஃப்எஸ் மூலம் அதைப் பூஜ்ஜியம் ஆக்கலாம். ஆனால் மின்வெட்டில் அணைந்த பிறகு வரும் சோதனை தேவையானது, அதை விட்டுவிடுங்கள்.

நெட்வொர்க் தாமதம் வேறு மாதிரி ஏமாற்றும். ரவுட்டரிடம் ஐபி முகவரி கேட்டு வாங்கும் பிஸிபாக்ஸின் டிஹெச்சிபி கிளையன்ட் 3 நொடி இடைவெளியில் 3 முறை கேட்கும்; பதில் இல்லையென்றால், பின்னணிக்குப் போகச் சொல்லாத வரை, 20 நொடி பொறுத்து மறுபடி தொடங்கும். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டரும் பெட்டியும் ஒன்றாக எழுந்தால், பெட்டி கேட்கும்போது ரவுட்டர் தயாராக இருக்காது. ரவுட்டரில் முகவரியை ஒதுக்கி வைப்பது இதற்குத் தீர்வு ஆகாது, அப்போதும் ரவுட்டரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பெட்டியிலேயே நிலையான ஐபி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் எழுதுங்கள். என்றோ இணைத்த நாஸ் (நெட்வொர்க் சேமிப்பகம்) பகிர்வு, பூட்டில் இணைக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் மிச்சமிருந்தால் அந்த வரியை நீக்குங்கள். நாஸ் வேண்டுமென்றால் ஆட்டோமவுன்ட் வழியே இணைத்தால், திறக்கும்போது மட்டும் தேடும்.

லினக்ஸுக்கு முன்னால் ஓடும் பூட்லோடர் யுஎஸ்பியில் புதிய இமேஜ் இருக்கிறதா என்று பார்க்கும். ஃபிளாஷ் செய்த பென்டிரைவைப் பின்னாலேயே விட்டுவைக்காதீர்கள். மல்டிபூட் இமேஜை (ஃபிளாஷுக்கு வெளியே வைக்கும் கூடுதல் இமேஜை) மலிவான பென்டிரைவில் வைத்து ஓட்டினால் தாமதத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இனி எனிக்மா2-வுக்குள். இனிட் 4 கட்டளையால் அதை நிறுத்திவிட்டு, டெல்நெட்டிலேயே எனிக்மா2 என்று தட்டி ஓட்டினால் எல்லாச் செய்திகளும் கண்முன் ஓடும். ஓட்டம் நிற்கும் இடத்தில் எந்த ப்ளக்இன் பெயர் இருக்கிறதோ அதுதான் ஆள். தொடங்கும்போதே இணையத்தில் வானிலையோ அப்டேட்டோ தேடும் ப்ளக்இன்கள், சர்வர் மறைந்துபோன பின்னும் டைம்அவுட் வரை ஜியுஐயைப் பிடித்து வைத்திருக்கும்.

இபிஜி ராமில் இருந்து, அணையும்போது வட்டில் எழுதப்பட்டு, தொடங்கும்போது வாசிக்கப்படுகிறது. இபிஜி இம்போர்ட்டர் ஆயிரக்கணக்கான சேனலுக்கு இரண்டு வார நிகழ்ச்சிகளை நிரப்பினால் அந்தக் கோப்பு வீங்கும். அழிப்பதற்கும் முறை உண்டு: இனிட் 4, அழித்தல், எனிக்மா2-வை மறுபடி தொடங்கும் இனிட் 3. ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால் அணையும் நேரத்தில் அதே பாரம் திரும்ப எழுதப்படும். செட்டிங்ஸ் கோப்பைத் திருத்துவதற்கும் இதே வரிசைதான். திருத்தியும் பலன் இல்லை என்பவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

சேனல் லோகோ படங்களைக் குறை சொல்வது பழக்கமாகிவிட்டது, ஆனால் அவை பட்டியலைத் தாமதப்படுத்துமே தவிர பூட்டை அவ்வளவாகத் தொடாது. பல்லாயிரம் வரி கொண்ட ஐபிடிவி பூக்கேக்கள் நிச்சயம் தொடும்.

ஜியுஐ வந்த பிறகு படம் மட்டும் தாமதமா? மோட்டார் டிஷ் திரும்பிக்கொண்டிருக்கலாம், சிஐ மாட்யூல் (கட்டணச் சேனல் கார்டு செருகும் கருவி) கார்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். தொடக்கச் சேனலாக, டிஷ் வழக்கமாக நிற்கும் திசையில் உள்ள இலவசச் சேனலை வைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இமேஜைப் புதிதாக ஏற்ற முடிவெடுத்தால், பேக்கப்பிலிருந்து சேனல் பட்டியலையும் டைமர்களையும் மட்டும் எடுங்கள். பழைய செட்டிங்ஸையும் ப்ளக்இன் பட்டியலையும் அப்படியே ரீஸ்டோர் செய்தால் பழைய தாமதமும் கூடவே வந்துவிடும்.