கத்திரி வெயிலில் சுற்றாத ஃபேன்: வேலூரில் ஒரு ஒயரிங் கடை

ஊரில் பைக்கை விட்டுவிட்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், வீடு காட்பாடியில். வண்டி 150 சிசி, ரேடியேட்டர் (இன்ஜின் சூட்டை இழுத்து வரும் நீரைக் குளிர்விக்கும் பகுதி) வைத்தது, தம்பிதான் ஓட்டுகிறான். 2008-இல் யமஹா ஆர்15, 2011-இல் ஹோண்டா சிபிஆர் 250ஆர், 2012-இல் கேடிஎம் டியூக் 200 என்று வந்த காலத்தில்தான் ரேடியேட்டரும் ஃபேனும் நம் ஊர் பைக்குகளில் பரவலாயின. அந்த வண்டிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. இன்ஜின் திடமாக இருக்கும், ஒயரும், ஒயர்களை இணைக்கும் பிளக்கான கப்ளரும்தான் முதலில் கைவிடும்.

மே மாதம் ஊருக்குப் போனபோது தம்பி சொன்னான்: "அண்ணா, ஹைவேல போனா ஒண்ணும் ஆகல. கிரீன் சர்க்கிள்ல நின்னா டெம்பரேச்சர் லைட் எரியுது." பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஓடும்போதும் சூடேறினால் கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) குறைவு, அதன் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், அதைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும். நின்றால் மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். கத்திரியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். காட்பாடியிலிருந்து சிஎம்சி ஆஸ்பத்திரி வரை நகர்ந்து நகர்ந்து போகிற டிராஃபிக்கில் ஃபேன் இல்லாமல் ஓட்டினால் இன்ஜின் தலைப்பகுதியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டே போய்விடும்.

முதலில் ஏசி போட்ட ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஃபேன் கப்ளரைக் கழற்றி வோல்ட் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், 12 வோல்ட் காட்டியது. "கரண்ட் வருது சார், மோட்டார் போச்சு. முழு செட்டா மாத்தணும்." பழைய மாடல் என்பதால் பார்ட்ஸ் ஆர்டர் போட வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். லீவில் வந்தவனுக்கு இது பதிலே இல்லை. எனக்கு விலைகூடப் பெரிதாகப் படவில்லை. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து மோட்டாருக்கு நேராகக் கொடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அதைச் செய்யாமலே மோட்டார் போச்சு என்று சொன்னதுதான் வருத்தம்.

அப்புறம் மச்சான் சொல்லி, சைதாப்பேட்டையில் (நம் வேலூர் சைதாப்பேட்டைதான்) ஒரு பாய் நடத்தும் ஒயரிங் கடைக்குப் போனோம். ஆட்டோ, லோடு வண்டிகள்தான் அங்கே அதிகம். பாய் முதலில் விரலால் ஃபேனைச் சுற்றிப் பார்த்தார், இறுகாமல் சுற்றியது. பியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து நேர் கனெக்‌ஷன் கொடுத்ததும் ஃபேன் சீறிக்கொண்டு ஓடியது. "மோட்டார் நல்லாத்தான் இருக்கு தம்பி, யார் போச்சுன்னாங்க?" என்றார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் கிடந்த பழைய 35 வாட் ஹெட்லைட் பல்பை, ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் கப்ளரில் மாட்டினார். இன்ஜினைச் சூடேற விட்டு, ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலே 'டக்' என்றதும் பார்த்தால் பல்பு மினுக்கென்று மட்டும் எரிகிறது. மீட்டர் 12 வோல்ட் காட்டிய அதே இடம்தான். மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது 12 காட்டிவிடும். 35 வாட் பல்பு கிட்டத்தட்ட 3 ஆம்பியர் கேட்கும், ஃபேன் கேட்பதும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். ஒற்றை இழை அதைத் தாங்காது. சுமை ஏற்றிப் பார்க்காமல் லைன் நல்லது என்று சொல்லக்கூடாது என்பது பாயின் கணக்கு, நூற்றுக்கு நூறு சரி.

பிறகு கப்ளரின் எர்த் முனையிலிருந்து (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) பேட்டரி மைனஸுக்குத் தனியாக ஒரு ஒயரை வைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த்தில்தான் குறை. ஹேண்டில் திருப்பும்போதெல்லாம் ஒயர் கட்டு மடங்கும் இடத்தில், மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு முறிந்து பச்சை பூத்திருந்தது. புது எர்த் ஒயரை வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் பெயின்ட் சுரண்டி போல்ட் போட்டார், கப்ளர் முனைகளைச் சுத்தம் செய்தார். வண்டி நின்றபடி இன்ஜினை மட்டும் ஓடவிட்டு ஐடிலில் விட்டோம். ஃபேன் தானாக ஓட ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது. 350 ரூபாய் வாங்கினார்.

குறையும் உண்டு. பில் கிடையாது, போனில் முன்பதிவு கிடையாது, வெள்ளிக்கிழமை மதியம் கடை இருக்காது, முன்னால் நிற்கும் ஆட்டோ முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஆனாலும் பழைய வண்டியின் கரண்ட் கோளாறுக்கு நான் முதலில் இங்கேதான் போகச் சொல்வேன்.

பாய் ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொன்னது வண்டி முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். உள்ளே தம்பி அவசரத்துக்கு ஊற்றியிருந்த போர் தண்ணீர். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் குடத்திலேயே வெள்ளையாகப் படிகிறது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியாமல் இருக்குமா? அதை வடித்துவிட்டு ரெடிமிக்ஸ் கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழ் போகும் வரை இன்ஜினை ஓட விட்டு மூடினோம்.

தம்பியிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாட்டர் சர்வீஸ் விடும்போது ரேடியேட்டருக்கும் ஃபேன் கப்ளருக்கும் நேராகப் பிரஷர் தண்ணீர் அடிக்க விடக்கூடாது, ரேடியேட்டர் தகடுகளும் மடங்கிவிடும். மாதம் ஒருமுறை வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலில் விட்டு, ஃபேன் ஓடி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால் உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.