முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு புலிச்சோழி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குக் குறைச்சலில்லை. சுவீடன் எனாமல் தூக்குச்சட்டி, பர்மாத் தேக்குப் பெட்டி, மங்குச் (பீங்கான்) சாமான் என்று எங்கேயும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். நான் வழக்கமாகப் போகும் கடையில் சரக்கைவிடக் கடைக்காரரைத்தான் எனக்குப் பிடிக்கும். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, “நிதானமாப் பாருங்க ஆச்சி” என்று நகர்ந்துவிடுவார்.

இந்தத் தடவை கண்ணில் பட்டது ஒரு புலிச்சோழி. ஏதோ வீட்டுப் பாகப்பிரிவினையில் வந்ததாம். பல்லாங்குழிச் சோழி போலப் பொடிசு இல்லை, உள்ளங்கை நிறைய இருந்தது. புலிமேல் ஐயப்பன் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிப் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொருத்தமே இல்லை. புலிக்குக் கோடு; சோழிக்குச் சிறுத்தையைப் போலப் புள்ளி. உயிரினங்களுக்கு அறிவியல் பேர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் இரண்டுக்கும் டைக்ரிஸ், அதாவது புலி, என்றே பேர் வைத்துவிட்டார்.

புலியின் கோடு முடியோடு நிற்பதில்லை, சிரைத்தாலும் தோலில் தெரியும். சோழியின் புள்ளி வேறு விதம். வெளிச்சத்தில் திருப்பினேன். சில புள்ளிகள் மேலாகக் கரும்பழுப்பில் பளிச்சென்று இருந்தன. சில அடியில் நீலம் பாரித்து மங்கலாக. சோழி ஒரு கடல் நத்தையின் ஓடு. உயிரோடு இருக்கும்போது நத்தையின் சதை இரண்டு பக்கமும் ஓட்டின்மேல் ஏறிப் போர்த்திக்கொண்டு படலம் படலமாகப் பூசும். அந்த மடிப்புகள் சந்தித்த இடம் முதுகில் நெளிந்த கோடாக நிற்கிறது. பளபளப்பும் அந்தப் பூச்சில் வந்ததுதான், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த நம் வீட்டுச் சுவர் மாதிரி.

எனக்கு வருத்தமும் இதில்தான். கரை ஒதுங்கிய சோழி மணலில் உரசி மங்கிவிடும். கடற்கரைக் கடைகளில் பளபளவென்று குவிந்திருப்பவை பெரும்பாலும் உயிரோடு பிடித்தவை. புலிக்கு 1972இல் சட்டம், மறு வருஷமே தனித் திட்டம். இந்த நத்தைக்காகப் பேச ஆள் குறைவு. தயவுசெய்து புதுச் சோழி வாங்காதீர்கள். ஆசையாக இருந்தால் இப்படிப் பழைய வீட்டிலிருந்து வந்ததைத் தேடுங்கள்.

புலிநகம் கேட்டு வந்த ஒருவரை இந்தக் கடைக்காரர், “அந்தப் பேச்சே இங்க கிடையாதுங்க” என்று திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்தேன். நம்பி வாங்கலாம்.

700 ரூபாய் சொன்னார், 500க்குக் கொடுத்தார். வாங்குமுன் அடிப்பக்கத்துப் பல்வரிசையைத் தடவிப் பாருங்கள். வார்னிஷ் அடித்திருந்தால் இடுக்கில் திரண்டு நிற்கும். கார்டு எடுப்பதில்லை, ஜிபே உண்டு. மதியம் சாப்பாட்டுக்குப் பூட்டிவிடுவார், காலையிலேயே போய்விடுங்கள்.