கிழிந்த நோட்டு: கமிஷன்காரரா, வங்கியா, ரிசர்வ் வங்கியா?

அம்மா அரிசி டின்னுக்கு அடியில் மடித்து வைத்திருந்த நான்கு 500 ரூபாய் நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. இரண்டில் ஓரம் மட்டும், மற்ற இரண்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அவர் முதலில் காட்டியது பஸ் ஸ்டாண்டு பக்கம் கிழிந்த நோட்டு வாங்குகிற கமிஷன்காரரிடம்தான். நோட்டுக்கு 200 தருகிறேன் என்றாராம், மொத்தம் 800. நல்லவேளை, கொடுக்காமல் வந்துவிட்டார்.

கமிஷன்காரரிடம் போவதில் ஒரே வசதி, உடனே காசு கையில் வரும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் 80 சதவீதத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் முழுப் பணம், 40 முதல் 80 வரை என்றால் பாதி, அதற்கும் குறைந்தால்தான் ஒன்றும் கிடையாது. 20 ரூபாய் வரையிலான சின்ன நோட்டுகளுக்குப் பாதிக் கணக்கே இல்லை, பாதிக்கு மேல் இருந்தால் முழுசு, இல்லையென்றால் இல்லை.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். இப்போதைய 500 ரூபாய் நோட்டு 15 சென்டிமீட்டர் நீளம், 6.6 அகலம். நல்ல நோட்டு ஒன்றைக் கீழே வைத்து அரித்த நோட்டை மேலே பொருத்தினேன், எவ்வளவு போயிருக்கிறது என்று தெளிவாகவே தெரிந்தது.

அடுத்து வங்கிக் கிளை. நான் போன முதல் கிளையில் "ரிசர்வ் பேங்க்தான் சார் வாங்கும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அது சரியில்லை, ஐந்து நோட்டு வரை எந்தக் கிளையும் வாங்கவேண்டும், அங்கே முடிவு செய்ய முடியாவிட்டால் ரசீது கொடுத்து கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கியின் பணத்தை இருப்பு வைக்கும் பெட்டகம்) உள்ள கிளைக்கு அனுப்பவேண்டும். நமக்கு அங்கே கணக்கு இருக்கவேண்டும் என்பதும் இல்லை. வெறும் அழுக்கு நோட்டு, இரண்டாகக் கிழிந்து இரண்டு துண்டும் கையில் இருக்கும் நோட்டு என்றால் இன்னும் சுலபம், ஒரு நாளைக்கு 20 நோட்டு, 5000 ரூபாய் வரை கவுண்டரிலேயே இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை, கரன்சி செஸ்ட் உள்ள பெரிய கிளைக்கே நேராகப் போய்விட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன், அலைச்சல் மிச்சம்.

சென்னை ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகம் எப்போது? தீயில் கருகியது, தொட்டால் பொடிப்பொடியாக உதிர்வது, ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்கவே முடியாதது, இவற்றுக்கு மட்டும். அந்த மாதிரி நோட்டைச் சாதாரணக் கிளையில் வாங்கமாட்டார்கள். பிரிக்கிறேன் என்று நகத்தால் சுரண்டாமல் அப்படியே ஒரு டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள்.

அம்மாவின் நோட்டில் இரண்டுக்கு முழுசு, இரண்டுக்குப் பாதி, ஆக 1500 வந்தது. 700 ரூபாய் வித்தியாசம், அவருக்கு அது ஒரு மாத மருந்துச் செலவு.